குறட்டைக்கு ஒரு கால அட்டவணை

அந்த ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் மூன்று கார்கள், நான்கு வாத்தியார்கள். நால்வரில் மூன்று பேர் கத்துவார்கள். கிளட்சை விட்டால் கத்துவார்கள், விடாவிட்டாலும் கத்துவார்கள். நான்காவது ஆள் மட்டும் வாயே திறக்க மாட்டார். வண்டி மேட்டில் பின்னால் உருண்டாலும் சரி, எதிரே பஸ் வந்தாலும் சரி, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, கைகளைத் தொப்பைமேல் கோத்துக்கொண்டு, அசையாமல் உட்கார்ந்திருப்பார். அதனால் அவருக்கு 'நிதானம் சார்' என்று பெயர் விழுந்தது. பயந்த சுபாவக்காரர்கள் எல்லாம் அவர்தான் வேண்டும் என்று அடம்பிடித்தார்கள். "அவர் பக்கத்துல இருந்தா ஒரு தைரியம் வருது சார்" என்று முதலாளியிடம் சொன்னார்கள்.

விஷயம் வேறொன்றுமில்லை. மனிதர் தூங்கிக்கொண்டிருந்தார்.

இதை அவரே அறிய மாட்டார் என்பதுதான் வேடிக்கை. கண்ணை ஒரு தடவை மூடித் திறந்ததாகத்தான் அவருக்குத் தோன்றும். அதற்குள் இரண்டு தெரு போயிருக்கும். ஊருக்குள் இப்படித் துண்டு துண்டான தூக்கம்தான், குறட்டை கிளம்ப நேரம் இருக்காது. ஐம்பத்திரண்டு வயது, சட்டையின் மேல் பொத்தானைப் போட முடியாத கழுத்து, அந்தக் கழுத்துக்குப் பொருத்தமாக ஒரு பெரிய மீசை. காலையில் தலைவலியோடு எழுவார். நாக்கு அட்டை மாதிரி காய்ந்திருக்கும். ரத்த அழுத்தத்துக்கு இரண்டு மாத்திரை விழுங்குவார், அது இறங்குவேனா என்று நிற்கும். பத்து மணிக்கு வண்டியில் ஏறி, மாணவரைப் பார்த்து "சாவியைத் திருப்புங்க" என்பார். பாதி நாள் அன்றைய பாடம் அதோடு சரி.

அவருடைய மனைவி பஸ் நிலையத்தில் நேரக் காப்பாளர். ஆள் ஒருவர் உட்காரும் அளவுக்கு ஒரு கூண்டு, ஒரு கடிகாரம், ஒரு தடித்த பதிவேடு. எந்த வண்டி எத்தனை மணிக்கு உள்ளே வந்தது, எத்தனை மணிக்குப் புறப்பட்டது என்று எழுதுவது வேலை. தாமதமாக வந்த டிரைவர் "ரோட்டுல ஒரே கூட்டம்க்கா" என்று இளித்தால், நிமிர்ந்துகூடப் பார்க்காமல் 'ஏழு நிமிடம் தாமதம்' என்று எழுதிவிடுவாள். பஸ் நிலையமே அவளுக்குப் பயந்தது. வீட்டில் இருந்த ஒரே வண்டிதான் அவளுக்கு அடங்கவில்லை.

குறட்டை என்றால் சாமானியக் குறட்டை இல்லை. மாடி வீட்டுக்காரர் குடிவந்த முதல் வாரமே கீழே இறங்கி வந்து, "தண்ணி மோட்டாரை ராத்திரி முழுக்க ஓட விடாதீங்க, காயில் எரிஞ்சு போயிடும்" என்று அக்கறையோடு சொல்லிவிட்டுப் போனார். "சரிங்க, பாத்துக்கறேன்" என்றாள் இவள். அந்த மோட்டாரை நிறுத்தும் வித்தை இருபத்தாறு வருடமாக அவளுக்கும் பிடிபடவில்லை.

சத்தம் அவளுக்குப் பழகிவிட்டது. பழகாதது, நடுவில் வரும் அமைதிதான். சீறிக்கொண்டு போகும் குறட்டை யாரோ ஸ்விட்சை அணைத்தது போல நிற்கும். நெஞ்சு எழும்பும், வயிறு எக்கும். மூக்கிலும் காற்று இருக்காது, வாயிலும் இருக்காது. அவள் முழங்கையை ஓங்கிக்கொண்டு காத்திருப்பாள். பிறகு கிணற்றிலிருந்து மேலே வந்தவன் போல ஒரு பெரிய 'ஹக்' வந்து, உடம்பு முழுக்க உலுக்கி, மறுபடி மோட்டார் ஓடத் தொடங்கும். அவருக்கு ஒன்றும் தெரியாது. அவளுக்குத்தான் தூக்கம் போய்விடும்.

தூக்கம் போன பெண் சும்மா இருப்பாளா? தொழில் புத்தி. தலையணைக்கு அடியில் ஒரு நோட்டு வைத்து எழுத ஆரம்பித்தாள். '12.10.05 நின்றது. 12.10.43 புறப்பட்டது. 12.12.20 நின்றது. 12.12.51 புறப்பட்டது.' கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு பத்தி. அதில் சில இடங்களில் 'உதைத்த பின்' என்று இருக்கும்.

ஒரு நாள் காலையில் அதை அவர் முன்னால் விரித்து வைத்தாள்.

"என்னங்க, இதைக் கொஞ்சம் பாருங்க. ஒரு மணி நேரத்துல நாப்பது தடவைக்கு மேல நிக்குது."

"என்ன நிக்குது?"

"மூச்சு."

அவர் நோட்டைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். "நல்லா உழைக்கிறவனுக்குத்தான் குறட்டை வரும். எங்க அப்பா விடாத குறட்டையா? கடைசியில எப்படிப் போனாரு, சொல்லு? தூக்கத்துலயே போனாரு. ஊசி இல்ல, மருந்து இல்ல, யாருக்கும் தொல்லை இல்ல. அந்தச் சாவு யாருக்குக் கிடைக்கும்?"

"உங்களுக்குக் கிடைச்சிடும் போல இருக்கு, அதான் சொல்றேன்."

"வாயைக் கழுவு" என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பிப் போனார்.

அன்றைக்கு அவருக்கு வாய்த்த மாணவி ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. ஓய்வுபெற்று ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அதற்குள் கத்துகிற வாத்தியார்களிடம் பத்து வகுப்பு முடித்திருந்தார். எல்லோரும் 'டீச்சர்' என்றே கூப்பிட்டார்கள். ஒல்லியான உடம்பு, இஸ்திரி மடிப்புக் கலையாத உடை. வண்டியில் ஏறினதும் கண்ணாடியைச் சரிசெய்து, இருக்கையைச் சரிசெய்து, முதுகை நிமிர்த்தி, "சொல்லுங்க" என்றார்.

"நேரா போங்க. நான் சொல்ற வரைக்கும் எங்கயும் திரும்பாதீங்க" என்றார் நிதானம். அதுதான் அவர் கடைசியாகச் சொன்னது.

இரண்டாவது ரவுண்டானாவிலேயே டீச்சருக்குப் புரிந்துவிட்டது. முப்பத்து நான்கு வருடம் வகுப்பறையில் நின்றவர். கன்னத்தில் கை ஊன்றித் தூங்குகிறவன், புத்தகத்தைச் சுவராக நிறுத்தித் தூங்குகிறவன், கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே தூங்குகிறவன் என்று எல்லா ரகத்தையும் பார்த்தவர். கறுப்புக் கண்ணாடி அவரிடம் எடுபடுமா? முதலில் ஒரு தட்டு தட்டி எழுப்பத்தான் நினைத்தார். அப்புறம் ஜன்னல் வழியாகக் காற்று வந்தது. ரோடு காலியாக இருந்தது. பிறந்ததிலிருந்து அப்பா, புருஷன், கல்வி அதிகாரி, பெற்ற பிள்ளை என்று யாராவது ஒருவர் பக்கத்தில் இருந்து எதையாவது சொல்லிக்கொண்டேதான் இருந்திருக்கிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு வாயை மூடிக்கொண்டிருக்கிற முதல் ஆண்பிள்ளை இவர்தான். எழுப்ப மனசு வரவில்லை.

நேராகப் போனார். ஊர் முடிந்தது. நெடுஞ்சாலை வந்தது, பக்கத்தில் குறட்டையும் வந்தது. நான்காவது கியர் போட்டார், தப்பில்லாமல் விழுந்தது. ஒரு டிராக்டரை முந்தினார். முந்திவிட்டு, பக்கத்தில் ஒருவர் குறட்டை விட்டுக்கொண்டிருப்பதையும் பொருட்படுத்தாமல் வாய்விட்டுச் சிரித்தார். முப்பத்தொன்பதாவது கிலோமீட்டரில் ஒரு பாட்டுக்கூட முணுமுணுத்தார்.

நாற்பத்தொன்றாவது கிலோமீட்டரில் குறட்டை நின்றது.

டீச்சர் திரும்பிப் பார்த்தார். மனிதரின் முகம் ஊதா நிறத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. நெஞ்சு எழும்புகிறது, காற்று போகவில்லை. "சார்! சார்!" என்று ஒரு கையால் தோளை உலுக்கினார். அந்தச் சமயத்தில் அந்த 'ஹக்' வந்தது. உடம்பு துள்ளியது, கால் உதைத்தது. பயிற்சிக் கார் என்பதால் வாத்தியார் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. கால் உதைத்தது அதன்மேல்.

கார் நடுரோட்டில் கிறீச்சிட்டு நின்றது. பின்னால் வந்துகொண்டிருந்த லாரி இவர்கள்மேல் ஏறாமல் இருக்க வலது பக்கம் ஒடித்தது, பிறகு இடது பக்கம் ஒடித்தது, அப்புறம் ரோட்டோரம் இருந்த டயர் கடைக்குள் மூக்கை நுழைத்து நின்றது. கடைக்காரர் ஆள் உயரத்துக்கு அடுக்கி வைத்திருந்த பழைய டயர்கள் ஒவ்வொன்றாக இறங்கி ரோட்டில் உருள ஆரம்பித்தன. கடைக்காரர் ஒரு டயரைத் துரத்தினார். இன்னொரு டயர் அவரைத் துரத்தியது.

நிதானம் சார் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். எதிரே ஒரு டயர் கார் மூக்கில் மோதி, சுற்றிச் சுற்றிப் படுத்தது. அவர் தொண்டையைச் செருமினார்.

"குட். இப்ப ரிவர்ஸ் எடுங்க."

யாருக்கும் அடிபடவில்லை. லாரி டிரைவர் இறங்கி வந்து, தனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தைகளை எல்லாம் ஒரு வரிசையில் சொன்னார். டீச்சர் அவரைக் குறுக்கிடாமல் கேட்டுவிட்டு, "நீங்க சொன்னது அத்தனையும் நியாயம்" என்றார். டயர் கடைக்காரருக்கு டயர் பொறுக்கிக் கொடுத்தார். பிறகு காருக்கு வந்து, வாத்தியார் பக்கத்துக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

"எழுந்திரிங்க."

நிதானம் எழுந்து நின்றார்.

"எத்தனை நாளா வகுப்புல தூங்கறீங்க?"

"நான் தூங்கல டீச்சர். கண்ணை மூடிக் கவனிச்சிட்டு..."

"முப்பத்து நாலு வருஷமா இதே பதிலைத்தான் கேட்டுட்டு இருக்கேன். நாளைக்கு வரும்போது வீட்டுல இருந்து யாரையாவது கூட்டிட்டு வாங்க. இல்லாட்டி உங்க முதலாளிகிட்ட நான் பேச வேண்டி இருக்கும்."

ஐம்பத்திரண்டு வயதில், அப்பா அம்மா இரண்டு பேரும் போய்ச் சேர்ந்த பிறகு, வீட்டிலிருந்து ஆளைக் கூட்டி வரச் சொன்னால் ஒரு மனிதன் என்ன செய்வான்? மனைவியைக் கூட்டி வந்தார். அவள் நோட்டோடு வந்தாள்.

பயிற்சிப் பள்ளி வாசலில் போட்டிருந்த பெஞ்சில் இரண்டு பெண்களும் உட்கார்ந்து, நோட்டை மடியில் வைத்து, பக்கம் பக்கமாகப் புரட்டினார்கள். நிதானம் எதிரே கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"ரொம்ப சுத்தமா எழுதியிருக்கீங்க" என்றார் டீச்சர். "ஆனா இதை எழுதிட்டுச் சும்மா வெச்சிருந்தீங்களே."

"காட்டினேன் டீச்சர். தலைகீழாப் புடிச்சுப் படிக்கிறாரு."

"நேத்து அந்த லாரிக்காரருக்குக் கை கொஞ்சம் பிசகியிருந்தா, நானும் உங்க வீட்டுக்காரரும் சேர்ந்து தூங்கியிருப்போம்."

நடுரோடு, லாரி, டயர் எதுவும் மனைவிக்கு அதுவரை தெரியாது. அவர் சொல்லியிருக்கவில்லை. நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். தாமதமாக வந்த எந்த டிரைவருக்கும் இதுவரை கிடைக்காத பார்வை அது. "கிளம்புங்க" என்றாள். மூன்று பேரும் ஆட்டோவில் ஏறி மருத்துவமனைக்குப் போனார்கள்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். தூக்கக் கோளாறுகளைப் பார்க்கிறவர். நோட்டை வாங்கி ஒரு வரி விடாமல் படித்தார். படித்து முடித்து, "எங்க மெஷின்கூட இவ்வளவு விவரமா எழுதாது" என்றார். வாயைத் திறக்கச் சொல்லி விளக்கடித்தார். கழுத்தை டேப்பால் அளந்தார்.

"தூங்கும்போது எல்லாருக்கும் தொண்டைத் தசை தளரும். உங்களுக்கு அது தளர்ந்து, ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்குது. ஈர பலூனோட வாய் ஒட்டிக்குமே, அந்த மாதிரி. காத்து போகாது. ரத்தத்துல ஆக்சிஜன் இறங்கும். மூளை பதறிப் போய் உங்களைத் தட்டி எழுப்பும். நீங்க ஒரு மூச்சு வாங்கிட்டு மறுபடி தூங்கிடுவீங்க. ராத்திரி முழுக்க இதே வேலை. எட்டு மணி நேரம் படுக்கறீங்க. தூங்கறதே இல்ல."

"அப்ப பகல்ல?"

"ராத்திரி தராத கடனை உடம்பு பகல்ல வசூல் பண்ணுது. அது மட்டும் இல்ல. ஒவ்வொரு தடவை மூச்சு நிக்கும்போதும் ரத்த அழுத்தம் எகிறுது, இதயம் திணறுது. ரெண்டு மாத்திரைக்கும் உங்க பிரஷர் ஏன் இறங்கலைன்னு இப்பத் தெரியுதா? இப்படியே விட்டா இதயத் துடிப்பு தாறுமாறாப் போகலாம், பக்கவாதம் வரலாம், சர்க்கரை ஏறலாம்." எழுதிக்கொண்டே கேட்டார்: "வீட்டுல வேற யாருக்காவது இந்தக் குறட்டை உண்டா?"

இந்த இடத்தில் அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. "எங்க அப்பாவுக்கு உண்டு. தெருமுனை வரைக்கும் கேக்கும். ஆனா கொடுத்து வெச்சவரு டாக்டர். தூக்கத்துலயே போயிட்டாரு."

"வயசு என்ன அப்ப?"

"அம்பத்து நாலு."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"அவருக்கு என்ன ஆச்சுன்னு இப்ப நான் சொல்ல முடியாது" என்றார் டாக்டர். "ஆனா அம்பத்து நாலு வயசுல தூக்கத்துல போறதை நாங்க கொடுப்பினைன்னு சொல்றதில்ல."

பரிசோதனைக்கு ஓர் இரவு மருத்துவமனையில் படுக்கச் சொன்னார்கள். தலையில் பசை தடவி வயர், மார்பில் பெல்ட், மூக்கில் குழாய், விரல் நுனியில் கிளிப் எல்லாம் மாட்டிவிட்டு, "வழக்கம்போலத் தூங்குங்க சார்" என்றார் டெக்னீஷியன். தூங்கித் தேர்வெழுதுவது என்பது அவருக்கென்றே ஏற்படுத்திய பரீட்சை மாதிரி இருந்தது. அதிலும் தோற்றார். மணிக்கு ஐம்பத்திரண்டு தடவை மூச்சு நின்றிருந்தது. நீளமான ஒன்று எழுபத்தொரு வினாடி. வயதும் எண்ணிக்கையும் சரியாக இருக்கிறதே என்று அவர் ஒரு ஜோக் அடித்துப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை.

சிகிச்சை சரியாகிற வரைக்கும் ஸ்டியரிங் பக்கமும் போகக்கூடாது, பக்கத்து சீட்டிலும் உட்காரக்கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். முதலாளி அதைப் படித்துவிட்டு, அவரைச் சாலை விதி வகுப்புக்கு மாற்றினார். முக்கோணம் என்றால் எச்சரிக்கை, வட்டம் என்றால் கட்டளை என்று பலகையைச் சுட்டிக் காட்டுகிற வேலை. முதல் நாளே 'நிறுத்தக்கூடாது' என்ற குறியின் முன்னால் நின்றபடியே தூங்கினார்.

இரவுக்கு ஒரு மெஷின் தந்தார்கள். செங்கல் அளவில் ஒரு பெட்டி. அதிலிருந்து ஒரு நெளிகுழாய், குழாயின் முனையில் மூக்கையும் வாயையும் மூடுகிற மாஸ்க். அது விடாமல் காற்றை ஊதித் தொண்டையைத் திறந்து வைக்கும். கண்ணாடியில் பார்த்துக்கொண்டார், பூச்சி மருந்து அடிக்கக் கிளம்பினவர் போல இருந்தது. ஆனால் உண்மையான சிக்கல் அதுவல்ல. மீசை. மாஸ்க் ஓரத்தில் மீசை மாட்டி, இடுக்கு வழியே காற்று ஒழுகி, இரவு முழுக்க 'புர்ர் புர்ர்' என்று ஒரு சத்தம். குறட்டையே தேவலை என்ற நிலைமை. மூன்றாம் இரவு அதைப் பிடுங்கி எறிந்தார்.

"மீசையை எடுத்துட்டாப் பொருந்தும்னு அந்த டெக்னீஷியன் தம்பி அப்பவே சொல்லிச்சு" என்றாள் மனைவி.

"மீசையா? அதுக்கு என் உயிரை எடு."

"அதைத்தான் அந்தக் குறட்டை மணிக்கு அம்பத்திரண்டு தடவை எடுத்துட்டுத் திருப்பிக் குடுக்குதே. ஒரு தடவை குடுக்க மறந்துட்டா?"

அவர் மெஷினைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். அங்கே அது செருப்புகளோடு இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆறுதல் தேடி அண்ணன் கடைக்குப் போனார். அண்ணனுக்கு ஐம்பத்தேழு வயது, மெத்தை வியாபாரம். தம்பியைவிட இரண்டு சுற்று பெரிய உடம்பு, அதே கழுத்து. விஷயத்தைக் கேட்டு மெத்தைகள் அதிரச் சிரித்தார்.

"தூங்கறதுக்கு மெஷினாடா? டேய், நம்ம வம்சத்துக்கே தூக்கம்தான்டா சொத்து. அப்பாவைத் தாண்டி மூணு வருஷம் ஓட்டிட்டேன், எனக்கு என்ன குறைஞ்சு போச்சு? நல்ல மெத்தையில படு, எல்லாம் சரியாயிடும்."

அப்போது கடையில் ஓர் இளம் ஜோடி நின்றுகொண்டிருந்தது. ஒரு மணி நேரமாக ஒவ்வொரு மெத்தையையும் அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "அமுக்கிப் பாத்தா என்ன தெரியும்? இப்பப் பாருங்க" என்று அண்ணன் காட்சிக்கு வைத்திருந்த கட்டிலில் மல்லாந்து படுத்தார். மெத்தையின் பெருமையைச் சொல்ல வாயைத் திறந்தார். பாதி வாக்கியத்தில் தூங்கிப்போனார்.

குறட்டை கிளம்பியது. "நல்ல மெத்தையாத்தான் இருக்கும் போல" என்றாள் அந்தப் பெண், புருஷனிடம்.

ஒரு நிமிடம் போனது. குறட்டை நின்றது.

நிதானம் இதை இதற்குமுன் பார்த்ததில்லை. தன்னுடையதைத் தானே பார்க்க முடியாது. அண்ணன் வீட்டுக்குப் போனாலும், சாப்பிட்டு முடித்ததும் முதலில் கண் மூடுகிறவர் இவராகத்தான் இருப்பார். இப்போது நின்று பார்த்தார். அண்ணனின் வயிறு எக்கியது. கழுத்தில் நரம்பு புடைத்தது. உதடு கறுத்துக்கொண்டு வந்தது. காற்று மட்டும் எந்தப் பக்கமும் போகவில்லை. அவரையும் அறியாமல் எண்ண ஆரம்பித்திருந்தார். இருபது. இருபத்தைந்து.

"சார், இவரு எழுந்துக்குவாரா?" என்று அந்த இளைஞன் கேட்டான்.

முப்பது. அவருக்கு அந்த அறை ஞாபகம் வந்தது. பத்தொன்பது வயது அப்போது. அப்பா, அண்ணன், இவர் மூன்று பேரும் படுக்கிற அறை. மறுநாள் பரீட்சை. அப்பாவின் குறட்டைக்குப் பயந்து தலையணையைக் காதில் அழுத்திக்கொண்டு, ஆத்திரத்தோடு விழித்துக் கிடந்தார். விடிவதற்குக் கொஞ்ச நேரம் இருக்கும்போது சத்தம் நின்றது. நின்றது நின்றதுதான். 'அப்பாடா, இப்பவாவது நிறுத்தினாரே' என்று நினைத்து, காதிலிருந்து தலையணையை எடுத்துத் தலைக்கு வைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். அவ்வளவு நல்ல தூக்கம் அந்த அறையில் அவருக்கு அதற்குமுன் வாய்த்ததே இல்லை. காலையில் அம்மாவின் அலறல்தான் எழுப்பியது. முப்பத்து மூன்று வருடமாக இதை யாரிடமும் அவர் சொன்னதில்லை. தூக்கத்தில் போனார், கொடுத்து வைத்தவர் என்று மட்டும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அண்ணா!" என்று கத்திக்கொண்டு இரண்டு கையாலும் உலுக்கினார். நாற்பத்தாறாவது வினாடியில் அந்த 'ஹக்' வந்தது. அண்ணன் எழுந்து உட்கார்ந்து, வாயைத் துடைத்துக்கொண்டு, "இதுல பத்து வருஷ கேரண்டி உண்டு" என்றார். ஜோடி மெத்தை வாங்காமலே வெளியேறிவிட்டது.

அங்கிருந்து நேராகச் சலூனுக்குப் போனார். "டிரிம்மா சார்?" என்றார் முடி வெட்டுபவர். "எடுத்துடுங்க." கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு அவர் மறுபடி கேட்டார், "மொத்தமாவா?" "மொத்தமா." வீட்டுக் கதவைத் திறந்த மனைவி, "யாருங்க வேணும்?" என்று கேட்டாள். கேலிக்குத்தான் கேட்டாள். அடுத்த நிமிடமே உள்ளே போனாள். கட்டிலுக்கு அடியில் குனிந்து மெஷினை எடுத்துத் தூசி தட்ட ஆரம்பித்தாள்.

மாஸ்க் பொருந்தியது. முதல் வாரம் கஷ்டம்தான். மூக்கு வறண்டது, கன்னத்தில் தழும்பு விழுந்தது, கனவில் யாரோ முகத்தில் டயர் பம்ப் வைத்து அடித்தார்கள். ஆனால் கனவு வந்ததே பெரிய விஷயம், அவருக்குக் கனவு வந்து பல வருடமாகியிருந்தது. இரண்டாம் வாரம் ஒரு காலையில் தலைவலி இல்லாமல் எழுந்தார். என்ன குறைகிறது என்று விளங்காமல் கொஞ்ச நேரம் படுக்கையிலேயே உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு மனைவி காலை உணவின்போது சொன்னதை எல்லாம் கேட்டார். பஸ் நிலையத்தில் அவளுக்கு ஒரு தோழி உண்டு என்பதும், அந்தத் தோழிக்கு ஒரு வழக்கு நடக்கிறது என்பதும் அவருக்குப் புதுச் செய்தி. "நாலு வருஷமாச் சொல்லிட்டு இருக்கேன்" என்றாள் அவள்.

மூன்று மாதம் கழித்து மறுபடி சோதித்து, வண்டியில் உட்காரலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். ரத்த அழுத்த மாத்திரையில் ஒன்று குறைந்தது. முதலாளி பழைய இடத்திலேயே உட்கார வைத்தார். அங்கேதான் வம்பு. அங்கே வேலைக்குச் சேர்ந்த பதினோரு வருடத்தில் முதல்முறையாக, மாணவர்கள் எப்படி ஓட்டுகிறார்கள் என்று அவர் பார்த்தார். பார்த்தவர் பயந்துபோய்க் கத்த ஆரம்பித்தார். மற்ற மூவரும் கத்துவதை எல்லாம் சேர்த்து இவர் ஒருவரே கத்தினார். ஒரே வாரத்தில் நான்கு பேர் வேறு வாத்தியார் கேட்டு மனுக் கொடுத்தார்கள். டீச்சர் மட்டும் விடவில்லை. "கத்தட்டும், முழிச்சிட்டு இருக்காரே" என்று காத்திருந்து அவரிடமே மீதிப் பயிற்சியையும் முடித்து, இரண்டாம் முயற்சியில் லைசென்ஸ் வாங்கினார். இப்போது அதே நெடுஞ்சாலையில் அவர் காரைப் பார்க்கலாம். டிராக்டரை எல்லாம் தயங்காமல் முந்துகிறார்.

அண்ணன்தான் மசியவில்லை. போனில் சொன்னால் "கடையில ஆள் இருக்காங்கடா" என்று வைத்துவிடுவார். நேரில் போனால் தூங்குவார். கடைசியில் நிதானத்தின் மனைவி அந்த வேலையை எடுத்துக்கொண்டாள். தினமும் மத்தியான இடைவேளையில் மெத்தைக் கடைக்குப் போய், தூங்குகிற அண்ணன் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து எழுதினாள். ஒரு வாரம் எழுதினதைச் சுத்தமாகப் பெயர்த்தெழுதி, பெரிய தாளில் கோடு போட்டு, 'முதலாளிக்கு மூச்சு நின்ற நேரங்கள்' என்று தலைப்பிட்டு, கடைக் கண்ணாடியில் வெளிப்பக்கம் பார்க்க ஒட்டிவிட்டாள். தெருவில் போகிறவர்கள் நின்று படித்தார்கள். சிலர் உள்ளே எட்டிப் பார்த்து, இப்போது ஓடுகிறதா நிற்கிறதா என்று விசாரித்தார்கள். மூன்றாம் நாள் அண்ணன் போன் பண்ணினார். "எந்த டாக்டருடா?"

மருத்துவமனையில் நீள பெஞ்சில் அண்ணனும் தம்பியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். தம்பி மனைவி சீட்டை வாங்கிக் கொடுத்துவிட்டுப் பணம் கட்டும் வரிசையில் நின்றாள்.

"உள்ள என்ன கேப்பாங்க?" என்றார் அண்ணன்.

"அப்பாவைப் பத்திக் கேப்பாங்க."

"தூக்கத்துலயே போனாரு, கொடுத்து வெச்சவருன்னு சொல்லிடறேன்."

"அப்படிச் சொல்லாதண்ணா." நிதானம் தரையில் ஒட்டியிருந்த அம்புக்குறியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அன்னைக்கு அந்தச் சத்தம் நின்னப்ப நான் முழிச்சிட்டுதான் இருந்தேன். எழுந்து பாக்கல. சனியன் நின்னுச்சுன்னு சந்தோஷமாத் தூங்கிட்டேன்."

ஒரு ஸ்ட்ரெச்சர் சக்கரம் கீச்சிட்டுக்கொண்டு அவர்களைத் தாண்டிப் போனது. கால்களை உள்ளே இழுத்துக்கொண்டார்கள்.

"நீ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தே" என்றார் அண்ணன்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நானும் முழிச்சிட்டுதான்டா இருந்தேன். எனக்கும் அப்பாடான்னுதான் இருந்துச்சு." அண்ணன் மூக்கை உறிஞ்சினார். பெரிய மூக்கு, பெரிய சத்தம். எதிர் பெஞ்சுக்காரர் திரும்பிப் பார்த்தார். "நீ சின்னப் பையன், உனக்கு என்ன தெரியும்? எனக்கு இருபத்து நாலு வயசு. எழுந்து பாத்திருக்கணும்."

"அப்ப யாருக்குண்ணா தெரியும் இதெல்லாம்?"

"தெரியாதுதான்."

நர்ஸ் வெளியே வந்து எண்ணைச் சொன்னார். அண்ணன் கையிலிருந்த சீட்டைப் பார்த்தார். எழுந்தார், இரண்டடி வைத்தார், நின்றார்.

"நீயும் வாடா" என்றார்.

டாக்டர் அறையில் நோயாளிக்கு ஒரு நாற்காலிதான் போட்டிருந்தது. அண்ணன் அதில் உட்கார்ந்தார். தம்பி அவருடைய தோளில் கை வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றார்.